குதிரை நிலையும் துவாரபாலகரும்

செஞ்சிக் கோட்டையின் கீழ்ப்பகுதியில் கல்யாண மகாலைக் கண்டு அப்பால் நடப்போர் கண்ணில் பல கட்டடங்கள் படும். குதிரை லாயங்களும் நெற்களஞ்சியமும் ஆனைக்குளமும் அங்கே உள்ளன. அவற்றோடு உடற்பயிற்சிக்கூடம் என்று வழங்கப்படும் கட்டடம் ஒன்றும் உண்டு. குதிரைக்கு ஓரிடம், நெல்லுக்கு ஓரிடம், யானை நீராட ஓரிடம் என்று வகுத்தவர்கள், வீரனின் உடலைப் பழக்கவும் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதே கோட்டைக்குள் வேங்கடரமணருக்குப் பேராலயம் எழுந்தது. ராஜகிரியின் உச்சியில் அரங்கநாதர் சந்நிதியும், மலைவழியில் கமலக்கண்ணி அம்மன் சந்நிதியும் அமைந்தன. உடற்பயிற்சியும் தெய்வ வழிபாடும் ஒரே மதிலுக்குள் அடுத்தடுத்து வாழ்ந்த காலம் அது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழகத்திலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. வீரத்துக்குப் பெயர்பெற்ற இத்தகைய ஊர்களிலும் இன்று மாலை நேரத்தில் பிள்ளைகள் கற்கச் செல்லும் கலைகளுள் சிலம்பம் ஒன்று, கராத்தே ஒன்று, சீனத்தின் குங்ஃபூ மற்றொன்று. கோயிலுக்குப் போய்த் திரும்பும் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேரன் ஒருநாள் இப்படிக் கேட்கக்கூடும்: "தாத்தா, குங்ஃபூவைக் கண்டுபிடிச்சது நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தானே?"

'ஆமாம்' என்று சொல்லிவிடுவது எளிது. 2011ஆம் ஆண்டு வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்லுகிறார்கள். அதில் ஒரு பெருமிதமும் இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் வாயிலிருந்து வரும் சொல்லைப் பிள்ளைகள் பல ஆண்டுகள் சுமக்கிறார்கள். நாளை அவன் கல்லூரியில் படித்து, அந்தச் சொல்லுக்குச் சான்று இல்லை என்று அறிந்தால், தாத்தா சொன்ன மற்ற நல்ல சொற்களையும் சேர்த்தே ஐயுறத் தொடங்குவான். ஆகவே இந்தக் கேள்விக்கு நிதானமாக விடை தேடுவது குடும்பத்துப் பெரியவர்களின் கடமை ஆகிறது.

சீனத்தார் வைத்திருக்கும் சான்று

சீனத்தின் ஹெனான் மாநிலத்தில் சோங்ஷான் என்னும் புனித மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் அமைந்த பௌத்த மடமே ஷாவோலின். கி.பி. 495ஆம் ஆண்டு வடக்கு வெய் வம்சத்துப் பேரரசர் சியாவ்வென், இந்தியாவிலிருந்து வந்த பாதுவோ என்னும் துறவிக்காக இதனைக் கட்டுவித்தார். ஆகவே மடத்தை நிறுவிய முதல் ஆசிரியரும் பாரத நாட்டவரே. எனினும் அவர் போதிதர்மர் அல்லர். போதிதர்மர் அதற்குப் பின் வந்தவராகவே சொல்லப்படுகிறார்.

போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ஷி என்பவர் லுவோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதிய நூலில் வருகிறது. அங்கே அவர் மேற்கிலிருந்து வந்த பாரசீக நாட்டுத் துறவியாகக் காட்டப்படுகிறார். ஓர் ஆலயத்தின் அழகைக் கண்டு கைகூப்பி வியந்து நின்றதாக மட்டுமே செய்தி. அவருடைய சீடர் வழியைச் சேர்ந்த தான்லின் என்பவரோ, அவர் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று எழுதினார். கி.பி. 645ஆம் ஆண்டளவில் துறவியரின் வரலாற்றைத் தொகுத்த தாவோசுவான், தென்னிந்திய அந்தணர் குலத்தவர் என்று குறித்தார். காஞ்சிபுரம் என்னும் ஊர்ப் பெயரும் பல்லவ இளவரசர் என்னும் அடையாளமும் இந்தப் பழைய குறிப்புகளில் இல்லை. பின்னாளில் வந்து சேர்ந்தவை அவை. பல்லவர்களின் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் சீனம் சென்ற இளவரசர் ஒருவரின் பெயர் காணப்படவில்லை.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தப் பழைய குறிப்புகள் எதிலும் போதிதர்மர் ஒருவருக்குக் குத்துவரிசை கற்பித்ததாகவோ கோலெடுத்து நின்றதாகவோ ஒரு சொல்லும் இல்லை. அவர் கற்பித்தது சுவரை நோக்கி அமர்ந்து மனத்தை அடக்கும் தியானம். ஒன்பது ஆண்டுகள் சோங்ஷான் மலைக் குகையில் சுவரைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார் என்று சீனத்தார் போற்றுகிறார்கள். 'தியானம்' என்னும் நம் சொல்லே சீனத்தில் 'சான்' என்று திரிந்தது; ஜப்பானில் 'ஜென்' ஆயிற்று; கொரியாவில் 'சொன்' ஆயிற்று. ஒரு சொல் நான்கு நாடுகளின் நாவில் புரண்டும் பொருள் மாறாமல் நிற்கிறது.

போதிதர்மரை உடற்பயிற்சியோடு முதலில் இணைத்தது 1624ஆம் ஆண்டில் எழுந்த 'இ ஜின் ஜிங்' என்னும் நூல். தசைநார்களை வலுவாக்கும் பயிற்சிகளைச் சொல்வது அது. அதற்குப் பழைமை தேடித் தருவதற்காக, கி.பி. 628ஆம் ஆண்டில் லி ஜிங் என்னும் புகழ்பெற்ற தளபதி எழுதியதாக ஒரு முன்னுரையைச் சேர்த்திருந்தார்கள். அந்த முன்னுரையில் கற்பனைக் கதையில் மட்டுமே வாழ்ந்த ஒரு பாத்திரம் உண்மை மனிதராகப் பேசப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டிலேயே சீன அறிஞர்கள் இதனைக் கண்டு நகைத்தனர். 1930களில் தாங் ஹாவ் என்னும் வரலாற்றாசிரியர் போதிதர்மர் கதையை ஆராய்ந்து, அது பிற்காலத்துக் கற்பனை என்று நிறுவினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த நாவல் ஒன்றும் பயிற்சி நூல்கள் சிலவும்தாம் இக்கதையை உலகெங்கும் பரப்பின. போதிதர்மர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் அவருக்கும் குங்ஃபூவுக்கும் முடிச்சுப் போட்ட காலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

அப்படியானால் ஷாவோலின் துறவியர் எப்போது ஆயுதம் எடுத்தனர்? அதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. கி.பி. 621ஆம் ஆண்டு, பின்னாளில் தாங் பேரரசராகிய லி ஷிமின் தம் எதிரியோடு போரிட்டபோது, ஷாவோலின் துறவியர் அவருக்கு உதவினர். கி.பி. 728ஆம் ஆண்டு மடத்தில் நாட்டப்பட்ட கல்வெட்டு அந்த உதவியைப் பதிவு செய்கிறது. துறவியர் 13 பேரின் பெயர்களும் அதில் உள்ளன. மடத்து நிலங்களையும் வழிபாட்டையும் காக்கும் தேவையே அவர்களைப் போருக்கு இழுத்தது. நம் நாட்டிலும் படையெடுப்புக் காலங்களில் ஆலயத்தைக் காத்தவர்களின் நினைவை நடுகற்கள் சுமந்து நிற்கின்றன அல்லவா? அத்தகைய நெருக்கடி அங்கும் இருந்தது.

வலிமை வேண்டி வஜ்ரபாணியின் பாதம் பற்றிய சிறுவன்

போதிதர்மர் கதையைக் கழித்துவிட்டால் பாரதத்துக்கும் ஷாவோலினுக்கும் உறவே இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. உண்மையான உறவு வேறு இடத்தில் இருக்கிறது. அது பக்தர்களுக்கு இன்னும் இனிப்பானது.

தாங் காலத்து எழுத்தாளர் சாங் சுவோ ஒரு கதையைப் பதிவு செய்திருக்கிறார். முன்னே சொன்ன பாதுவோவின் சீடராய் விளங்கிய செங்சோவ் என்னும் துறவி, இளமையில் மெலிந்த உடலினர். உடன் பயின்ற சிறுவர்கள் ஓய்வு வேளையில் மல்லுக்கு நின்று விளையாடும்போது அவரை அடித்து எள்ளி நகையாடினர். அவமானம் தாங்காத செங்சோவ், வஜ்ரபாணியின் சந்நிதிக்குள் புகுந்து கதவைத் தாளிட்டுத் திருவடியைக் கட்டிக்கொண்டார். "உடல் மெலிந்தேன், எல்லோரும் இகழ்கிறார்கள். வலிமைக்குப் பெயர் பெற்றவர் நீர். வலிமை தராவிட்டால் இங்கேயே உயிர் விடுவேன்" என்று ஆறு நாள் வேண்டினார். ஆறாம் நாள் விடியலில் தெய்வம் தோன்றி அருள் செய்தது. பிறகு அவர் நண்பர்கள் முன் சுவரில் நடந்தும் உத்தரத்தை எட்டத் தாவியும் காட்ட, இகழ்ந்தவர்கள் வியர்த்து வணங்கினர் என்பது கதை.

வஜ்ரபாணி என்றால் கையில் வச்சிரம் ஏந்தியவர். நம் புராணங்களில் வச்சிராயுதம் இந்திரனுக்கு உரியது. பௌத்த மரபில் புத்தரைக் காக்கும் தேவராக அவர் நிற்கிறார். ஷாவோலின் மடத்தின் பழைய கல்வெட்டு ஒன்று இந்தக் காவல் தெய்வத்தை 'நாலுவோயான்' என்று அழைக்கிறது. 'நாராயணன்' என்னும் திருநாமத்தின் சீன ஒலிப்பே அது. வலிமைக்கு உவமையாக நாராயணனின் பெயரைச் சீனப் பௌத்தர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் அதே மடத்தில் கோல் பயிற்சிக்கு உரிய தெய்வமாக 'ஜின்னாலுவோ' வழிபடப்பட்டார். இந்தப் பெயரும் நமக்கு அந்நியம் அன்று. இசைக்கு உரிய தேவ கணத்தவரான கின்னரரே அவர். மடப்பள்ளியில் அடுப்பு மூட்டும் எளிய பணியாளாய் இருந்த ஒருவர், செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள் மடத்தைச் சூழ்ந்தபோது, அடுப்புக் கோலைக் கையில் எடுத்துப் பேருருக் கொண்டு விரட்டினார். அவரே கின்னர ராஜன் என்று பின்னர் அறிந்தனர் என்பது அவர்கள் நம்பிக்கை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாவோலின் கோல்முறையைப் பற்றி நூல் எழுதிய செங் சோங்யூ, அந்தக் கலையின் மூலவராகக் கின்னரரையே குறிப்பிடுகிறார். போதிதர்மரைக் குறிப்பிடவில்லை. அடுக்களைப் பணியாளிடம் தெய்வம் இருந்தது என்று சொல்லும் அந்தக் கதையின் சுவை நம் அடியார் கதைகளைப் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆக, பாரதத்திலிருந்து ஷாவோலினுக்குச் சென்றவை தியானமும் காவல் தெய்வங்களும். கைவரிசையும் கோல்வரிசையும் சீன மண்ணிலேயே, அந்த மக்களின் உழைப்பில், பல நூற்றாண்டுகளில் வளர்ந்தவை.

மண்டகப்பட்டில் நிற்கும் காவலர்

இந்த இரண்டையும் கண்ணால் காண விரும்புவோர் செஞ்சியைச் சுற்றியே காணலாம். செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இவை எதுவுமின்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் அமைத்த கோயில் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரவர்ம பல்லவரின் விருதுப்பெயர். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த அந்தக் குடைவரையின் முகப்பில் இரு பக்கமும் துவாரபாலகர் நிற்கின்றனர். தண்டத்தைத் துணையாகக் கொண்டு, எடையை ஒரு காலில் தாங்கி, தோளைத் தளர்த்தி நிற்கும் அந்த நிலையில் ஆர்ப்பாட்டம் இல்லை. ஆனால் அவர்களைக் கடந்து உள்ளே போக எவருக்கும் துணிவு வராது. சீனத்துப் பௌத்த மடங்களின் வாயிலிலும் இவ்வாறே இரு வஜ்ரபாணிகள், புடைத்த தோளும் ஓங்கிய கையுமாக நிற்பது வழக்கம். ஒரே கருத்து இரு நாட்டுச் சிற்பிகளின் உளியில் இரு வடிவம் எடுத்தது.

தியானத்துக்குச் சான்று தேடுவோர் செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றுக்குச் செல்லலாம். பாறையின் மேல் 24 தீர்த்தங்கரர்கள் அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளனர். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அங்குள்ள பழைய கல்வெட்டு சொல்கிறது. சுவரை நோக்கி ஒன்பது ஆண்டு என்னும் சீனக் கதையைக் கேட்டு வியப்பவர்கள், அத்தகைய உறுதி இந்த வட்டாரத்துப் பாறைகளிலும் எழுதப்பட்டிருப்பதை அறிந்தால் மேலும் வியப்பர்.

பல்லவருக்கும் சீனத்துக்கும் இடையே உறுதியான தொடர்பு ஒன்றும் உண்டு. செஞ்சிக்குத் தெற்கே உள்ள பனமலையில் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டியவர் ராஜசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மர். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலைக் கட்டியவரும் அவரே. கி.பி. 720ஆம் ஆண்டில் அவருடைய தூதர்கள் சீனப் பேரரசரின் அவைக்குச் சென்றதைச் சீன அரசு வரலாறு பதிவு செய்திருக்கிறது. தம் யானைப் படையையும் குதிரைப் படையையும் கொண்டு சீனத்தின் பகைவர்களை எதிர்க்க முன்வந்த பல்லவர், அந்தப் படைக்கு ஒரு பெயர் சூட்டித் தருமாறு கேட்டார். பேரரசர் சூட்டிய பெயரின் பொருள் 'நற்பண்பைப் போற்றும் படை' என்பது. பல்லவ நாட்டுக்கும் சீனத்துக்கும் இடையே போர்த்திறத்தைப் பற்றி நடந்த உரையாடலில் நிலைத்து நின்ற சொல் நற்பண்பு. கட்டுக்கதை ஒன்றைப் பிடித்துக்கொள்வதைவிட, கையில் இருக்கும் இந்த மெய்யான செய்தியைப் பேரனுக்குச் சொல்வது எவ்வளவோ மேல்.

குங்ஃபூ என்னும் சொல்

குங்ஃபூ என்றால் சண்டை என்று பலர் எண்ணுகிறார்கள். சீன மொழியில் அந்தச் சொல்லின் பொருள், காலமும் உழைப்பும் செலவிட்டுப் பெற்ற திறன் என்பதாகும். நல்ல சமையற்காரருக்கும் குங்ஃபூ உண்டு. அழகாக எழுத்துத் தீட்டுபவருக்கும் உண்டு. நம் சங்கீத வித்துவான்கள் 'சாதகம்' என்று சொல்வதற்கு மிக நெருங்கிய சொல் அது.

அந்தச் சாதகம் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பெரியவர்கள் அறிந்திருப்பது நல்லது. முதலில் வணக்கம். வலக்கையை முட்டியாக மூடி, அதன்மேல் இடக்கையின் உள்ளங்கையைப் பொருத்தித் தலை தாழ்த்துவர். முட்டியை உள்ளங்கை மூடுவது, வலிமையை அடக்கம் மூடி நிற்க வேண்டும் என்பதைக் காட்டுவதாகச் சொல்வதுண்டு. அடுத்தது 'மாபூ' என்னும் குதிரை நிலை. குதிரைமேல் அமர்ந்தவன் போலக் கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி அசையாமல் நிற்பது. முதல் நாள் அரை நிமிடத்திலேயே தொடை நடுங்கும். மாதங்கள் போகப் போக நடுக்கம் அடங்கும். அதனோடு மனத்தின் பரபரப்பும் அடங்கும். அடிக்கவும் தடுக்கவும் கற்பது இதற்குப் பிறகுதான். தொடர்ந்து அசைவுகளைக் கோவையாக்கிய பாடங்களும், பின்னர்க் கோலும் வரும்.

ஷாவோலின் மடத்தில் ஆயிரம் புத்தர் மண்டபம் என்று ஒன்று உண்டு. அதன் கல்தளத்தில் 48 பள்ளங்கள் வரிசையாக இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் துறவியர் ஒரே இடத்தில் நின்று காலை ஊன்றிப் பயின்றதால் குழிந்தவை என்று சொல்கிறார்கள். நம் ஆலயங்களின் வாயிற்படிகள் பக்தர்களின் பாதம் பட்டுத் தேய்ந்து நடுவில் தாழ்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பள்ளங்களின் பொருளை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சிலம்பம் பயின்ற முதியவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது. வாத்தியாரையும் களத்தையும் வணங்கும் சலாம் வரிசையும், காலடி வைப்பைப் பழக்கும் சுவடும் முடிந்த பிறகே கம்பு வீச்சு வரும். எந்தப் பெயருள்ள வகுப்பானாலும், முதல் வாரத்திலேயே ஓங்கி உதைக்கக் கற்றுக்கொடுத்தால் சற்று எச்சரிக்கையாக இருக்கலாம். முதலில் நிற்கவும் வணங்கவும் மூச்சு விடவும் கற்றுக்கொடுத்தால் மனநிறைவோடு பிள்ளையை அனுப்பலாம்.

கலை ஓரிடத்தில் பிறந்தது என்பதனால் அது என்றைக்கும் அங்கேயே தங்கிவிடும் என்றும் எண்ணக்கூடாது. 1561ஆம் ஆண்டு யூ தாயூ என்னும் சீனத் தளபதி, ஷாவோலின் துறவியரின் கோல்திறத்தைக் கேள்விப்பட்டு அதனைக் காண மடத்துக்கு வந்தார். கண்டபின், பழைய நுட்பங்களை அவர்கள் இழந்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். துறவியர் சினம் கொள்ளவில்லை. கற்றுத் தருமாறு வேண்டினர். இளந்துறவியர் இருவர் அவருடன் தென்திசைப் போர்க்களங்களுக்குச் சென்று மூன்று ஆண்டு பயின்று, கற்றதை மடத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தனர். புகழ்பெற்ற மடமே பணிந்து கற்றதனால் தன் கலையை மீட்டுக்கொண்டது.

அந்தத் தளபதியின் சொந்த ஊர் இருக்கும் பகுதி, ஃபூஜியான் மாநிலத்துச் சுவான்சோ துறைமுக வட்டாரம். தமிழ் வணிகர்கள் குடியேறி வாழ்ந்த இடம் அது. 1281ஆம் ஆண்டு, சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசரின் நலனுக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை அங்கே எழுந்தருளச் செய்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இன்றும் சொல்கிறது. கடல் கடந்து சென்ற தமிழர் அந்நாட்டு மன்னருக்காகத் தம் தெய்வத்தை வேண்டினர். அந்நாட்டாரும் அதற்கு இடம் கொடுத்தனர்.

தேசிங்கு யாருடையவர்?

இப்போது செஞ்சிக்கே உரிய ஒரு கேள்வி. ராஜா தேசிங்கு யாருடையவர்? அவருடைய இயற்பெயர் தேஜ் சிங். வடநாட்டுப் பந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர். தந்தை சொரூப் சிங் மறைந்தபின் 1714ஆம் ஆண்டு செஞ்சிக்கு உரிமை கோரினார். ஆண்டது சில மாதங்களே. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து, அதே ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் போரில் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 22.

வரலாறு இவ்வளவுதான். ஆனால் தமிழ் மக்கள் அவரை விடவில்லை. நீலவேணிக் குதிரையும், உயிர்த் தோழர் மகமத்கானும், மணக்கோலத்தோடு எழுந்து போருக்கு வந்த அந்தத் தோழரின் தியாகமும், உடன்கட்டை ஏறிய இளம் மனைவியும் கதைப்பாடலாகத் தெருவெங்கும் ஒலித்தன. போருக்குப் புறப்படும்முன் தேசிங்கு விடைபெற வந்தபோது, சிங்கவரத்து அரங்கநாதர் அவரைப் போக விட மனமின்றித் திருமுகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். குடைவரைக்குள் சயனித்திருக்கும் பெருமாளைத் தரிசிக்கும்போது அந்தக் கதையை நினைத்துக் கண் கலங்குவோர் உண்டு.

வடநாட்டு இளைஞர் தமிழ் மண்ணின் வீரரானது எதனால்? பிறப்பால் அன்று, மக்கள் வைத்த அன்பினால். தெற்கிலிருந்து சென்றதாகச் சொல்லப்படும் துறவியைச் சீனத்தார் தம் முதல் குருவாக்கிக் கொண்டதும் அதே அன்பினால்தான். தேசிங்கு கதையைப் பந்தேல்கண்டுக்காரர் எவரேனும் வந்து 'இது எங்களுடையது, நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்' என்று சொன்னால் செஞ்சி மக்களின் மனம் எப்படி இருக்கும்? அதைப்போலவே, தலைமுறை தலைமுறையாகக் கல்தளம் குழியும்வரை நின்று பயின்ற சீனத்தாரின் கலையை 'எங்களவர் தந்தது' என்று ஒரு வரியில் நாம் எடுத்துக்கொண்டால் அது நியாயம் ஆகாது.

சிங்கவரத்துக் கதையைப் பக்தியோடு கேட்கலாம். போர் நடந்த தேதியையும் அறிந்திருக்கலாம். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது. போதிதர்மரையும் அப்படியே தியான குருவாக வணங்கலாம்; அவர் செய்யாத ஒன்றை அவர் தலையில் ஏற்றாமல் இருப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

ஆகவே பேரன் கேட்கும்போது தாத்தா இப்படிச் சொல்லலாம்: "கண்ணா, நம்ம நாட்டிலேருந்து போனது தியானம். வாசல்ல காவல் நிக்கிற சாமியும் இங்கேருந்துதான் போனார். கையையும் காலையும் பழக்கினது அந்த ஊர்க்காரங்க. ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுக் கத்துக்கோ."

ஆயுத பூஜையன்று பேரன் பழகும் கோலையும் பூஜையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இடலாம். மறுநாள் விஜயதசமிக்கு அவனுடைய ஆசிரியரின் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு அழைத்துச் சென்று வணங்கச் செய்யலாம். விடுமுறை நாளில் மண்டகப்பட்டுக்கும் ஒருமுறை கூட்டிச் செல்லலாம். குதிரை நிலையில் நின்று தொடை நடுங்கப் பழகிய பிள்ளைக்கு, 1,400 ஆண்டுகளாகத் தண்டத்தோடு நடுங்காமல் நிற்கும் அந்தத் துவாரபாலகர் யார் என்பது சொல்லாமலே புரியும்.